லிபெர்த்தா வீதியின் பெரிய வாகனங்களும் எம்மவர் கைகளும்

பலெர்மோ நகரின் லிபெர்த்தா வீதியிலே காலை வேளையில் நடந்து செல்வோர் ஒரு காட்சியைக் காணாதிருக்க முடியாது. இருமருங்கும் ஓங்கி வளர்ந்த பிளாத்தனோ மரங்கள். அவற்றின் நிழலில் கறுப்பும் வெள்ளியுமாக மின்னும் பெரிய வாகனங்கள். அவற்றுள் ஒன்றின் கண்ணாடியைத் துடைத்தபடியோ, அதன் கதவைத் திறந்து முதியவர் ஒருவரைக் கைத்தாங்கலாக ஏற்றியபடியோ எம்மவர் ஒருவர் நிற்பார். வாகனம் அவருடையதன்று. ஆயினும் அதன் உடல்நிலையை அவரைவிட நன்கு அறிந்தவர் அந்த வீட்டில் எவரும் இலர்.

1848ஆம் ஆண்டுப் புரட்சிக் காலத்திலே, சுதந்திரம் என்ற பெயரைச் சூட்டி அமைக்கத் தொடங்கிய வீதி இது. பின்னாளில் இதன் இரு பக்கமும் செல்வந்தரின் மாளிகைகள் எழுந்தன. 1950களிலும் 60களிலும் அம்மாளிகைகளிற் பல இடிக்கப்பட்டு, அடுக்குமாடி வீடுகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. எண்பதுகளிலிருந்து இந்நகருக்கு வந்து சேர்ந்த எம்மவர் பலருக்கு முதற் சோறு போட்டவை இந்த அடுக்குமாடி வீடுகளே. வேலை ஒப்பந்தத்திலே சமையல், துப்புரவு, முதியோர் பராமரிப்பு என்று எழுதப்பட்டிருக்கும். காரையும் ஒருமுறை பார்த்துக்கொள் என்பது எழுதப்படாத வாசகம். அந்த எழுதப்படாத வாசகத்தைப் பற்றியே இவ்வாரம் எழுத முனைகின்றோம். அதற்கு ஒரு காரணமும் உண்டு.

ஊரிலே எம்மிடம் எட்டாம் வகுப்பிற் படித்த ஒருவர், இவ்வீதியில் ஒரு வீட்டில் பத்து ஆண்டுகளுக்கு மேலாகப் பணியாற்றுகின்றார். அவ்வீட்டாரிடம் கூரையிற் பெரிய கண்ணாடி பதித்த ஆடம்பர வாகனம் ஒன்று உண்டு. அதன் பெயரை இங்கு குறிப்பிட வேண்டியதில்லை. ஒரு கார்த்திகை மாதம், மூன்று நாள் மழைக்குப் பின்னர், சாரதி இருக்கையின் கீழ்க் கம்பளம் ஈரமாக இருப்பதை அவர் கண்டார். துணியால் ஒற்றி எடுத்துவிட்டு மறந்துபோனார். அடுத்த வாரம் வாகனத்தின் கண்ணாடிகள் தாமாகவே கீழே இறங்கின. முன்பலகையிலே எச்சரிக்கை விளக்குகள் தீபாவளி போல எரிந்தன. கராஜிற்குக் கொண்டு சென்றபோது, கம்பளத்தின் கீழிருந்த மின்னணுப் பெட்டி நீரில் ஊறிப் பாசி பிடித்துவிட்டது என்றும், மாற்றுவதற்கு இரண்டாயிரம் யூரோவுக்கு மேலாகும் என்றும் கூறினர்.

நீர் எவ்வாறு உள்ளே வந்தது? வீட்டாரின் மகன் ஒரு கணமும் தயங்கவில்லை. வாகனத்தைக் கழுவுபவர் யார்? இவர். ஆகவே, கதவைச் சரியாகச் சாத்தாமற் குழாயாற் கழுவியவர் இவர், அல்லது கண்ணாடியை இறக்கிவிட்டு மறந்தவர் இவர். சம்பளத்திற் கழிப்பதா, ஒப்பந்தத்தையே முடிப்பதா என்ற பேச்சு எழுந்தது. அந்த ஆண்டு அவருடைய சொஜோர்னோ புதுப்பிக்கப்பட வேண்டிய ஆண்டு. ஒப்பந்தம் இல்லாமற் புதுப்பிக்கச் செல்வது என்றால் என்ன என்பதை எமது வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

ஓர் இரவு பத்து மணிக்கு எமது வீட்டுப் படியேறி வந்தார். "சேர், நான் யன்னலைத் திறந்து விடேல்லை. உள்ளுக்குத் தண்ணி அடிக்கவும் இல்லை. இந்த வயசில பொய் சொல்லி எனக்கு என்ன வரப்போகுது?" என்றார். எமக்கு மோட்டார் வாகனத்தைப் பற்றி எதுவும் தெரியாது. நாம் படித்தது கலை. கற்பித்தது வரலாறும் தமிழும். ஆயினும் எம்மவருள் பெரியவர் ஒருவர் இருக்கின்றார். ஊரிலே ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் வாடகைக் கார் ஓட்டியவர். 1990இல் போர் மீண்டும் மூண்டு, வடக்கிற்குப் பெற்றோல் வருவது நின்றுபோன காலத்திலே, சிறிதளவு பெற்றோலிற் கிளப்பி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடவிட்ட கூட்டத்தைச் சேர்ந்தவர். அவரை அழைத்துக்கொண்டு மறுநாள் அந்த வீட்டின் நிலக்கீழ்த் தரிப்பிடத்திற்குச் சென்றோம்.

பெரியவர் கம்பளத்தைத் தொட்டும் பார்க்கவில்லை. "தண்ணி எங்க நிக்குதெண்டு பாக்காதேங்கோ, எங்கால வந்ததெண்டு பாருங்கோ" என்றார். கூரைக் கண்ணாடியைத் திறக்கச் சொன்னார். ஒரு குவளை நீரை எடுத்து, கண்ணாடியைச் சுற்றியிருக்கும் வாய்க்காலின் முன்மூலையில் மெல்ல ஊற்றினார்.

இங்கே சற்று விளக்கம் தேவை. கூரைக் கண்ணாடி உள்ள வாகனங்களில், அக்கண்ணாடியின் ஓரத்து இறப்பர் நீர் முழுவதையும் தடுப்பதற்காக அமைக்கப்பட்டதன்று. சிறிதளவு நீர் உள்ளே கசியும் என்பது செய்தவர்களுக்கே தெரியும். அந்நீரைச் சேர்க்க ஒரு வாய்க்காலும், அதன் மூலைகளிலிருந்து இறங்கும் மெல்லிய குழாய்களும் உண்டு. முன்மூலைக் குழாய்கள் முன்கண்ணாடியின் பக்கத் தூண்களுக்குள்ளே இறங்கும். பின்மூலைக் குழாய்கள் பின்தூண்களுக்குள்ளே இறங்கும். நீர் வாகனத்தின் அடியில் வெளியேறி நிலத்திற் சொட்டும். எமது ஊர் வீட்டுக் கூரைப் பீலியும் அதன் குழாயும் எப்படியோ அப்படித்தான். குழாய் அடைபட்டால் நீர் எங்கே போகும்? பீலி நிரம்பிச் சுவருக்குள் இறங்குவது போல, தூணுக்குள் இறங்கிக் கம்பளத்தின் கீழே தேங்கும். விலையுயர்ந்த மின்னணுப் பெட்டிகள் பல, துரதிர்ஷ்டவசமாக, அங்கேதான் இருக்கின்றன.

பெரியவர் ஊற்றிய குவளை நீர் நிலத்திற் சொட்டவில்லை. மூன்று நிமிடங்கள் கழித்துச் சாரதியின் காற்பக்கமாக ஒரு கோடு இறங்கியது. வீட்டாரின் மகனை அழைத்துவந்து, அவர் கண் முன்னே மீண்டும் ஒரு குவளை ஊற்றினோம். மீண்டும் அதே கோடு. பின்னர் பெரியவர் தூண்டிலுக்குப் பயன்படும் தடித்த நைலோன் நூலைக் குழாய்க்குள் மெல்லச் செலுத்தினார். பழுப்பு நிறத்திற் களிமண் போன்ற ஓர் உருண்டை வந்தது. அதைப் பிதுக்கிப் பார்த்தோம். பிளாத்தனோ மரக் காயின் பஞ்சும், ஷிரோக்கோ காற்றுக் கொணரும் ஆபிரிக்கப் பாலைவனச் செம்புழுதியும் குழைந்து சீமெந்து போல இறுகியிருந்தன. லிபெர்த்தா வீதியின் அழகும் மத்தியதரைக் கடலின் காற்றும் சேர்ந்து செய்த குற்றத்திற்கு எமது மாணவர் தண்டனை பெற இருந்தார்.

மன்னிப்புக் கேட்டார்களா என்று வாசகர்கள் வினவலாம். இல்லை. கோப்பி தந்தார்கள். ஒப்பந்தம் தொடர்ந்தது, சம்பளத்திற் கழிவும் இல்லை. அதுவே போதும் என்று எமது மாணவர் கூறினார். எமக்கு அது போதவில்லை. ஆதலால் இதனை எழுதுகின்றோம்.

எம்மவர் இவ்வகை வாகனங்கள் அனைத்தையும் ஜீப் என்றே அழைப்பர். அப்பெயர் பிழையன்று. 1943 ஜூலை 10ஆம் நாள் நேச நாட்டுப் படைகள் சிசிலித் தீவில் இறங்கியபோது அவர்களோடு அமெரிக்க ஜீப்புகளும் இறங்கின. அதே மாதம் 22ஆம் நாள் பலெர்மோ அவர்கள் வசமாயிற்று. போர் முடிந்தபின், இங்கிலாந்தின் றோவர் நிறுவனம் ஜீப்பைப் பார்த்து உழவருக்கென ஒரு வாகனத்தைச் செய்து, 1948 ஏப்ரல் 30ஆம் நாள் அம்ஸ்ரடாம் கண்காட்சியிற் காட்டியது. அதுவே லாண்ட் றோவர். உருக்குத் தட்டுப்பாடு நிலவிய காலமாதலால் அதன் உடலை அலுமினியக் கலவையாற் செய்தனர். 1970இல் அதே நிறுவனம் றேஞ்ச் றோவரை வெளியிட்டது. சேற்று நிலத்திலும் செல்லும், நெடுஞ்சாலையிலும் சுகமாக ஓடும் என்பதே அதன் பெருமை. முதலில் வந்த றேஞ்ச் றோவரின் உட்புறத்தைக் குழாய் நீரடித்துக் கழுவலாம் என்பது இன்று பலருக்கு வியப்பாக இருக்கும். தோல் இருக்கையும் மரப் பலகையும் பின்னர் வந்தவை. 1981இல் நான்கு கதவு, 1994இல் இரண்டாம் தலைமுறை என்று வளர வளர ஆடம்பரம் கூடியது. நீரடிக்கும் உரிமை குறைந்தது. 2008இல் இந்தியாவின் ராற்றா குழுமம் அந்நிறுவனத்தை வாங்கியது. 2024இல் தமிழ்நாட்டின் இராணிப்பேட்டை மாவட்டத்தில் அக்குழுமம் ஒரு வாகனத் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டியது.

எமக்கோ ஜீப் என்ற சொல் ஒரு காலத்தில் வேறொன்றைக் குறித்தது. இரவில் அதன் ஒலி கேட்டால் விளக்கை அணைத்த தலைமுறை நாம். இன்று அதே உருவத்தை மெல்லிய துணியால் துடைக்கின்றோம்.

இனி, துடைப்பதைப் பற்றியே தொடங்குவோம். ஷிரோக்கோ வீசிய மறுநாட் காலையிலே எம்மவர் செய்யும் முதற் பிழை, செம்புழுதி படிந்த வாகனத்தை உலர்ந்த துணியால் துடைப்பது. அப்புழுதியிற் கண்ணுக்குத் தெரியாத படிகக் கல்துகள் உண்டு. உலர்ந்த துணியால் துடைத்தால், உப்புத்தாள் கொண்டு தேய்த்ததற்கு ஒப்பாகும். கறுப்பு நிற வாகனத்தில் வெயில் பட்டதும் சிலந்தி வலை போன்ற கீறல்கள் தெரிவது இதனாலேயே. முதலில் நீரை ஓடவிட்டுப் புழுதியை நீக்குக. பின்னர் இரண்டு வாளிகள் வைத்துக்கொள்க. ஒன்றில் வாகனச் சவர்க்கார நீர், மற்றதில் வெறும் நீர். துணியை ஒவ்வொரு முறையும் வெறும் நீரில் அலசிய பின்பே சவர்க்கார நீரில் நனைக்க வேண்டும். பாத்திரம் கழுவும் சவர்க்காரம் மெழுகுப் படலத்தை உரித்துவிடும். நண்பகல் வெயிலிற் கழுவுதலும் ஆகாது. பலெர்மோ நீரிற் சுண்ணாம்பு மிகுதி. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரைக் கொதிக்கவைத்த கேத்திலின் அடியில் வெண்படலம் கண்டவர்களுக்கு இது புதிதன்று. வெயிலிற் காயும் ஒவ்வொரு துளியும் ஒரு வெண்புள்ளியை விட்டுச் செல்லும். நிழலிற் கழுவி, உடனே ஒற்றி எடுக்க வேண்டும். நாணயம் போட்டுக் கழுவும் நிலையங்களில் உள்ள அழுத்தக் குழாயைப் பொனற்றுக்குள்ளும், சில்லுகளின் உட்புறத்து இறப்பர்களின் மீதும் அருகிற் பிடித்தல் கூடாது.

கூரைக் குழாய்களைப் பற்றி மேலே கூறினோம். ஆண்டிற்கு இருமுறை, இலையுதிர் மழைக்கு முன்னரும் இளவேனிற் பஞ்சு பறந்து ஓய்ந்த பின்னரும், நான்கு மூலைகளிலும் சிறிது நீர் ஊற்றிப் பார்த்தாற் போதும். அடைத்திருந்தால் நைலோன் நூலைப் பயன்படுத்துக. இரும்புக் கம்பி குழாயைத் துளைத்துவிடும். காற்றழுத்தம் கொடுத்தால் உள்ளே குழாயின் பொருத்துக் கழன்றுவிடும். பின்னர் கூரைத் துணியையே கழற்ற நேரும். இதேபோல முன்கண்ணாடியின் அடியில், பொனற் முடியும் இடத்தில் ஒரு பள்ளம் உண்டு. பிளாத்தனோ இலைகள் அங்கே குவிந்து மக்கிப்போகும். கையால் அள்ளி எறிவதற்கு எந்தப் பொறியியலாளரும் தேவையில்லை.

பற்றரி அடுத்தது. லிபெர்த்தாவில் இருந்து பாடசாலைக்கு, பாடசாலையிலிருந்து கடைக்கு, வார இறுதியில் மொந்தெல்லோக் கடற்கரைக்கு. இவ்வாறு குறுந்தூரமே ஓடும் பெரிய வாகனத்தின் பற்றரி ஒருபோதும் முழுதாக நிரம்புவதில்லை. பற்றரியின் வலு குறைந்ததும் இவ்வாகனங்களின் கணினிகள் குழம்பி, பிறேக் பழுது, சில்லுப் பழுது என்று இல்லாத நோய்களை எல்லாம் அறிவிக்கும். இதை அறியாது கராஜில் நூற்றுக்கணக்கான யூரோக்களைக் கொடுத்தவர்களை நாம் அறிவோம். தரிப்பிடத்தில் மின்வசதி இருப்பின், தானே நிறுத்திக்கொள்ளும் சிறிய மின்னேற்றியை மாதம் ஓரிரவு இணைத்துவிடுவது, அவ்வாகனத்திற்கு நாம் செய்யக்கூடிய மிக மலிவான, எவர் கண்ணிலும் படாத மேம்பாடு. பற்றரியை மாற்ற நேர்ந்தால் அதே வகையையே வாங்க வேண்டும். பல வாகனங்களில் புதிய பற்றரி பொருத்தப்பட்டதைக் கணினிக்கு அறிவிக்கவும் வேண்டும். அதனைக் கராஜில் விடுவதே நன்று.

காற்றுத் தாங்கிகள் உள்ள வாகனங்களுக்கு ஒரு சிறப்பு நோய் உண்டு. இரும்புச் சுருளுக்குப் பதிலாக இறப்பர்ப் பையில் அடைத்த காற்றே வாகனத்தைத் தாங்குகின்றது. இறப்பர் முதுமையடைந்தால் வெடிக்கும். காலையில் வந்து பார்த்தால் வாகனம் ஒரு பக்கமாகச் சரிந்து, முழங்கால் வலிக்கும் முதியவர் போல நிற்கும். கிளப்பியதும் காற்றடிக்கும் இயந்திரம் ஓடி நிமிர்த்திவிடும். ஆகவே பலர் கவலைப்படுவதில்லை. ஆனால் கசியும் பையை நிரப்ப ஓயாது ஓடி, அந்த இயந்திரமும் எரிந்துபோகும். ஒரு பையின் செலவு இரண்டாகும். கசிவைக் கண்டுபிடிக்கும் முறை எம் எல்லோருக்கும் தெரிந்ததே. சைக்கிள் ரியூப்பை நீர்ச் சட்டியில் அமிழ்த்திக் குமிழி தேடிய கைகள் எம்முடையவை. இங்கே சவர்க்கார நீரைத் தெளித்துக் குமிழி தேட வேண்டும். சில்லின் பக்கமிருந்து கை எட்டும் இடத்திற்கு மட்டுமே இதைச் செய்க. காற்றில் நிற்கும் வாகனத்தின் அடியில் எவரும் படுத்தல் கூடாது. காற்று இறங்கினால், இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட எடை எச்சரிக்கையின்றி உங்கள் மீது இறங்கும். ஜாக்கி மட்டும் போதாது. நிலையான தாங்கிகள் வேண்டும். தாங்கிகள் இல்லையெனில் அந்த வேலை எம்முடையதன்று.

டீசல் வாகனங்களின் புகைக்குழாயிற் கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. அது நிரம்பியதும், நெடுந்தூர ஓட்டத்தின் வெப்பத்திலே கரியைத் தானே எரித்துச் சுத்தமாகும். நகருக்குள் மட்டும் ஓடினால் அவ்வெப்பம் பிறப்பதில்லை, வடிகட்டி அடைத்துவிடும். மாற்றும் செலவு பெரிது. மருந்தோ எளிது. இரு வாரத்திற்கு ஒருமுறை, வீட்டாரின் அனுமதியோடு, விமான நிலையத்தை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டி வருதல். எமது மாணவர் இதைச் சொன்னபோது வீட்டார் முதலில் நம்பவில்லை. வேலையாள் கடற்காற்று வாங்க வழி தேடுகின்றான் என்று நினைத்திருப்பர். வாகனத்தின் கைநூலிற் கூறப்பட்டிருப்பதைக் காட்டிய பின்னரே இசைந்தனர். இத்தகைய எஞ்சின்களுக்கு ஊற்றும் ஒயிலும் அவற்றுக்கென வகுத்த தரத்தில் இருத்தல் வேண்டும். மலிவானதை ஊற்றினால் அதே வடிகட்டியே பாழாகும்.

குளிரூட்டும் நீரைப் பற்றி ஒரே வார்த்தை. ஊரிலே றேடியேற்றருக்குக் கிணற்று நீர் ஊற்றினோம். ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் பொறுத்துக்கொண்டன. இங்கே அதைச் செய்யாதீர். குறிப்பிட்ட வகைத் திரவத்தையே ஊற்ற வேண்டும். நிறம் வேறுபட்டவற்றைக் கலத்தலும் ஆகாது. எஞ்சின் சூடாக இருக்கையில் மூடியைத் திறப்பவர் வைத்தியசாலைக்குச் செல்வார்.

ரயர்கள் நான்கும் ஒரே வகையாக, ஏறத்தாழ ஒரே தேய்மானத்தில் இருத்தல் நான்கு சில்லும் இயங்கும் வாகனத்திற்கு இன்றியமையாதது. இரண்டு புதிது, இரண்டு பழையது என்று போட்டால் சில்லுகளின் சுற்றளவு வேறுபட்டு, இடையிலுள்ள பற்சக்கரப் பெட்டி ஓயாது உழலும். ரயரின் வயதை அதன் பக்கத்திலுள்ள நான்கு இலக்கங்களில் அறியலாம். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்திற் செய்யப்பட்டது. அதிகம் ஓடாத வாகனங்களில் ரயர்கள் தேய்வதற்கு முன்னரே வெயிலில் வெடித்துவிடும். தேய்மானத்தின் சட்டப்படியான கீழெல்லை 1.6 மில்லிமீற்றர். மழைக்காலத்தில் அவ்வெல்லை வரை காத்திருப்பது அறிவுடைமை அன்று.

உள்ளே தோல் இருக்கைகள். ஓர் உண்மையைச் சொல்லிவிடுகின்றோம். எம்மவர் ஒருவர், நல்ல மனத்தோடு, முதலாளியம்மாவின் இருக்கைகளுக்குத் தேங்காயெண்ணெய் பூசிவிட்டார். அன்று மாலை அவ்வம்மையார் வெண்ணிற உடையோடு வாகனத்தில் ஏறினார். மிகுதியை நாம் எழுத வேண்டியதில்லை. தேங்காயெண்ணெய் எமது தலைக்கு உரியது. இருக்கைத் தோலின் மேல் ஒரு மெல்லிய பூச்சு உண்டு. எண்ணெய் அதற்குள் இறங்காது, மேலே நின்று புழுதியைப் பிடித்து, நாளடைவிற் சிக்கு நாறும். ஈரத்துணியும் மென்மையான தோற்சவர்க்காரமுமே போதும். அதனினும் மேலானது, வெயிலில் நிறுத்தும்போது முன்கண்ணாடிக்கு மறைப்பு இடுதல். மினுக்கும் திரவங்களைச் சுக்கானிலும் காற்பலகைகளிலும் தெளித்தல் உயிராபத்து, வழுக்கும்.

கண்ணிற் படாத மேம்பாடுகள் என்று முன்னர் கூறினோம். அவற்றுள் எமக்குப் பிடித்தவை சிறியவை. ஆழமான இறப்பர்க் காற்பாய்கள். கரிப்பொடி சேர்ந்த உட்காற்று வடிகட்டி. இதனை மாற்றப் பல வாகனங்களிற் பத்து நிமிடமும் இரு கைகளும் போதும், ஷிரோக்கோ நாட்களில் ஆஸ்துமா உள்ள முதியவருக்குப் பேருதவி. கிறீச்சிடும் பலகைகளுக்கிடையே ஒட்டும் கம்பளித் துணித் துண்டு. கதவு இறப்பர்களுக்குச் சிறிது சிலிக்கோன் பசை. வெயிலில் உலர்ந்து வெடிப்பதைத் தடுக்கும். பின்கதவைத் தூக்கி நிறுத்தும் காற்றுத் தண்டுகள் தளர்ந்திருந்தால், ஒருவர் கதவைப் பிடித்திருக்க மற்றவர் ஒவ்வொன்றாக மாற்றலாம். மின்விசையாற் திறக்கும் கதவாயின் அதனைத் தொடாது விடுக. மஞ்சள் நிற மின்னிணைப்புகளை எங்கு கண்டாலும் கையை எடுத்துவிடுக. அவை பெரும்பாலும் விபத்துக் காற்றுப்பைகளுக்கு உரியவை.

இளைஞர்களுக்கு இவை சுவைக்கா என்பதை நாம் அறிவோம். பெரிய சில்லு, கறுத்த கண்ணாடி, உறுமும் புகைக்குழாய் என்பனவே அவர்கள் விருப்பம். 1992ஆம் ஆண்டின் இத்தாலிய வீதிச் சட்டத்தின் 78ஆம் பிரிவு, வாகனத்தின் அமைப்பை மாற்றுவோர் அதனைப் பரிசோதனைக்கு உட்படுத்திப் பதிவுப் பத்திரத்தில் எழுதுவிக்க வேண்டும் என்கின்றது. பத்திரத்திற் குறிக்கப்படாத அளவு ரயர், அங்கீகாரம் இல்லாத புகைக்குழாய் ஆகியவை வீதியிற் பொலிசார் நிறுத்தும்போது தண்டப்பணமாகும். விபத்து நேர்ந்தாற் காப்புறுதியுடனும் வழக்காகும். முன்கண்ணாடிக்கும் முன்பக்கக் கதவுக் கண்ணாடிகளுக்கும் கறுத்த தாள் ஒட்டுதல் ஆகாது. பின்பக்கத்திற்கு, அங்கீகாரம் பெற்ற தாளாயின் தடையில்லை. வாகனம் மற்றொருவருடையதாயின் மிகச் சிறிய மாற்றத்திற்கும் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் பெறுக. கைத்தொலைபேசிச் செய்தியாக இருந்தாலும் போதும்.

இப்போது எம்மவர் சிலர் இத்தகைய வாகனங்களைப் பழையதாக வாங்கத் தொடங்கியுள்ளனர். பத்து வயதுடைய ஆடம்பர வாகனம், புதிய சிறு காரின் விலையிலும் குறைவாகக் கிடைக்கின்றது. விலை இறங்கியதே அன்றி அதன் பசி இறங்கவில்லை. 2012 முதல் 185 கிலோவாற்றுக்கு மேற்பட்ட ஒவ்வொரு கிலோவாற்றுக்கும் ஆண்டிற்கு 20 யூரோ மேலதிக வரி விதிக்கப்பட்டது. 225 கிலோவாற் வாகனத்திற்கு அது 800 யூரோ. ஐந்து ஆண்டு முதிர்ந்ததும் அதில் 60 வீதம், பத்து ஆண்டில் 30, பதினைந்தில் 15 என்று குறைந்து, இருபதில் நீங்கும். வழக்கமான வரியும் காப்புறுதியும் வேறு. நான்கு ரயர்களின் விலையை முதலில் கேட்டறிந்து, அதன் பின்னர் வாகனத்தின் விலையைக் கேளுங்கள் என்பதே பெரியவரின் ஆலோசனை. வாங்கச் செல்லும்போது ஒரு குவளை நீரையும் கொண்டு செல்லுமாறு நாம் சேர்த்துக்கொள்கின்றோம். கம்பளத்தை உயர்த்தி மணந்தும் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான கருவியை இறுதியிற் கூறுகின்றோம். அது ஒரு கொப்பி. கோப்பி அன்று, கொப்பி. எமது மாணவருக்கு நாம் வாங்கிக் கொடுத்த நாற்பது பக்கக் கொப்பி. அவரைக் குற்றஞ்சாட்டியபோது, பத்து ஆண்டுகள் செய்த பராமரிப்பிற்கு அவரிடம் ஒரு வரிச் சான்றும் இருக்கவில்லை. சமைத்த உணவு மேசையிற் தெரியும். துடைத்த தரை பளபளக்கும். அடைபடாத குழாயும் வறண்டுபோகாத இறப்பரும் எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. பழுதானால் மட்டுமே அங்கு ஒருவர் வேலை செய்தார் என்ற நினைவு வரும். ஆகவே திகதி, வாகனம் ஓடிய கிலோமீற்றர், செய்த வேலை, கண்ட குறை, அதை யாரிடம் எப்போது சொன்னார் என்பவற்றை எழுதச் சொன்னோம். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் இத்தாலியம். இத்தாலியத்தை அவருடைய மகள் எழுதிக் கொடுக்கின்றாள். லிச்சேயோவிற் படிக்கும் பிள்ளை, எழுத்துப் பிழையின்றி எழுதுகின்றாள். மாத இறுதியில் வீட்டாரிடம் காட்டி ஒரு கையெழுத்து. முதல் மாதம் அந்த மகன் சிரித்தாராம். இரண்டாம் மாதம், பற்றரியைப் பற்றி எழுதியிருந்த வரியைக் காட்டி இரண்டு கேள்விகள் கேட்டாராம்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை எமது வீட்டிற்கு வந்தபோது கொப்பியையும் கொண்டுவந்தார். பழைய பழக்கத்தினால் சிவப்புப் பேனாவைத் தேடினோம். திருத்த எதுவும் இருக்கவில்லை. கடைசிப் பக்கத்தில், மழை தொடங்கிய வாரத்தின் திகதியோடு, அவருடைய கையெழுத்தில் இவ்வாறு எழுதியிருந்தது: "நாலு மூலைக்கும் தண்ணி ஊத்திப் பாத்தது. நாலும் நிலத்தில சொட்டுது. கம்பளம் காய்ஞ்சிருக்கு. ஐயாவுக்குக் காட்டினது."